பேப்பரில் ஐந்து ரூபாய், கடையில் ஆறரை: முட்டைக்கடை அக்கா பதில்கள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம் இருக்கும் வேலந்தாவளத்தில் 1999-லிருந்து முட்டை மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையில் தமிழ் பேசுகிறவர்களுக்கு நான் அக்கா, மலையாளம் பேசுகிறவர்களுக்குச் சேச்சி. கடன் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் இல்லை, பார்த்தும் பாராமல் போய்விடுவார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விலை பற்றித்தான். முடிந்தவரை சொல்கிறேன்.

நாமக்கல் முட்டை விலை 500 காசு என்று காலையில் பேப்பரில் படிக்கிறேன். அதே நாள் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் ஒரு முட்டை ஆறரை ரூபாய். நடுவில் இருக்கும் ஒன்றரை ரூபாயை யார் சாப்பிடுகிறார்கள் அக்கா?
*வாசகி, கோழிப்பதி*

கோழிப்பதி என்று பெயருள்ள ஊரிலிருந்து முட்டை விலை கேட்டுக் கடிதம் வந்ததும் கடைப் பையனில் தொடங்கி என் வீட்டுக்காரர் வரை சிரித்தார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மிணி, உங்கள் கேள்வி நியாயமானது.

பேப்பரில் வருவது பண்ணை விலை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, எங்கள் வாயில் என்இசிசி, நாமக்கல் மண்டலத்துப் பண்ணைக்காரர்களுக்குச் சொல்லும் விலை அது. 1982-இல் இந்தக் குழு வருவதற்கு முன்பு பெரிய நகரத்து வியாபாரிகள் வைத்ததுதான் விலை. பி.வி.ராவ் ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக்காரர்களைச் சேர்த்து, 'நம் முட்டைக்கு நாமே விலை வைப்போம்' என்று கிளப்பிய பிறகுதான் நிலைமை மாறியது. ஆனால் குழு சொல்வது பரிந்துரைதான், சட்டம் இல்லை. முட்டை தேங்கினால் வியாபாரி 'மைனஸ்' கேட்பார். அதாவது பேப்பரில் 500 இருந்தாலும், 20 காசு குறைத்து 480-க்குத்தான் எடுப்பேன் என்பார். சில சமயம் மைனஸ் 40, 50 என்றும் போகும். ஆகப் பேப்பரில் இருக்கும் விலை பண்ணைக்காரருக்கே முழுசாகக் கிடைப்பதில்லை. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி என் நோட்டுக் கணக்கு. மைனஸ் போக 480 என்று வைத்துக்கொள்வோம். நாமக்கல்லிலிருந்து ஈரோடு, கோயம்புத்தூர் வழியாக இங்கே வந்து சேர லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து முட்டைக்கு 20 காசு. ஒரு பெட்டியில் ஏழு ட்ரே, ட்ரேக்கு 30, மொத்தம் 210 முட்டை. பெட்டிக்கு இரண்டு முட்டையாவது உடையும். ஓடு கீறியதை ஆம்லெட் வண்டிக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார், ஒழுகியது யாருக்கும் இல்லை. அதற்கு 5 காசு. காகித ட்ரேக்கு 10 காசு. எனக்கு 15 காசு. ஆகப் பெட்டிக்கடைக்காரருக்கு நான் கொடுப்பது 530 காசு.

அவர் ஆறரைக்கு விற்றால் அவர் பங்கு 1 ரூபாய் 20 காசு. ஆமாம், இருப்பதில் பெரிய பங்கு அவருடையதுதான். ஆனால் அவர் கையில் ஒரு முட்டை நழுவினால் ஐந்து முட்டை விற்ற லாபம் தரையில் போகிறது. சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று நோட்டில் எழுதிவைத்து வாங்கிப் போகிறவர்கள் வேறு. ஆறு ரூபாய்க்கு விற்கலாம் என்பது என் கருத்து. அவரிடம் சொல்லியும் பார்த்தேன். 'சேச்சி வந்து என் கடையில் ஒரு மாசம் உட்கார்' என்றார்.

விலையை விட்டுவிட்டு இன்னொன்றைப் பாருங்கள். முட்டை என்ன எடை? இளம் கோழி இடத் தொடங்கும்போது முட்டை பொடிசாக இருக்கும், பண்ணையில் விலையும் குறைவு. அதை வாங்கி வந்து முழு விலைக்கு விற்கிறவர்கள் உண்டு. ட்ரேயோடு தராசில் வைத்து, ட்ரே எடையைக் கழித்துவிடுங்கள். முட்டைக்கு 55 கிராம் என்றால் முப்பதும் சேர்ந்து 1,650 கிராம் வரவேண்டும். 1,400-க்குக் கீழே நின்றால் நீங்கள் ஏமாறுவது ஒன்றரை ரூபாய்க்கு மட்டும் இல்லை.

கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கோழி கிலோ 220. கொழிஞ்சாம்பாறையில் போர்டில் 150 என்று எழுதியிருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் கேரளத்தில் வாங்கியதுதான் கூடுதலாக வருகிறது. இது என்ன மாயம்?
*வாசகர், மீனாட்சிபுரம்*

மாயமும் இல்லை மந்திரமும் இல்லை அண்ணா. போர்டில் இருக்கும் 150 உயிர்க்கோழி விலை. கேரளத்துக் கடையில் கோழியை உயிரோடு தராசில் வைப்பார்கள், அதற்குத்தான் காசு. இரண்டு கிலோ கோழிக்கு 300 ரூபாய். உரித்துக் கையில் வருவது கழுத்து, ஈரலோடு சுமார் 1.3 கிலோ. வகுத்துப் பாருங்கள், கறி கிலோ 230 ஆகிறது. அந்தப் பக்கம் 220 என்பது உரித்த கறி விலை. நிஜ வித்தியாசம் பத்து ரூபாய்தான். சில கடைகளில் 'கோழி இத்தனை, இறச்சி இத்தனை' என்று இரண்டு வரி எழுதியிருப்பார்கள். கீழ் வரியைப் படித்தால் போதும்.

அந்தப் பத்து ரூபாய்க்கும் காரணம் உண்டு. கோழி வருவது பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து. பல்லடத்தில் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு தினமும் பண்ணை விலை சொல்கிறது. இரண்டு பக்கத்துக் கடைக்கும் அதுதான் அடிப்படை. இந்தப் பக்கம் கூலி அதிகம். அதோடு கடைக் கழிவு. இறகு, குடலைச் சாக்கில் கட்டி எங்கேயாவது போட முடியாது, கழிவை அரைத்து உருக்கும் ஆலைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று ராத்திரியில் கழிவை எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டி, தமிழ்நாட்டுக் கிராமத்துக்காரர்கள் வண்டியை மடக்கிய கதையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்கவே கேவலமாக இருக்கும்.

இன்றைக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் என்று வருத்தப்படுகிறீர்கள். 2017-க்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். கேரளத்தில் கோழிக்கு 14.5 சதவீத வரி. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லா இடத்திலும் வரிச் செக்போஸ்ட். கட்டுகிறவர்கள் கட்டினார்கள். கட்டாதவர்களுக்கு ஊடுவழி இருந்தது. தென்னந்தோப்புக்கு நடுவே மண் தடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு வண்டி போகும். எங்கள் வீடு அப்படி ஒரு தடத்தை ஒட்டி இருந்தது. முதலில் நாய் குரைக்கும், அப்புறம் கோழி நாற்றம் வரும், அதற்கப்புறம்தான் வண்டிச் சத்தம். விடிந்து வாசல் தெளிக்கப் போனால் வழியெல்லாம் வெள்ளை இறகு. மாமியார் 'இன்னைக்கு எத்தனை வண்டி' என்று இறகைப் பார்த்தே சொல்வார்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது, கோழிக்கு வரி இல்லை என்று ஆனது. அந்த மாதம் நடந்ததுதான் வேடிக்கை. வரி போன பிறகும் கடை விலை இறங்கவில்லை. கேரள நிதி அமைச்சராக இருந்த தாமஸ் ஐசக், கோழி கிலோ 87 ரூபாய்க்குத்தான் விற்க வேண்டும் என்று சொன்னார். வியாபாரிகள் கட்டுப்படியாகாது என்று கடையடைப்பு அறிவித்தார்கள். எனக்கு இரண்டு பேர் பேச்சிலும் பாதி நியாயம் தெரிந்தது. வரி குறைந்தால் வாங்குகிறவருக்குக் குறைய வேண்டும், அது சரி. ஆனால் கோழி விலை பல்லடத்தில் தினமும் ஏறி இறங்குகிறபோது திருவனந்தபுரத்தில் ஒரே எண்ணைப் பிடித்து நிறுத்த முடியாது. எப்படியோ, செக்போஸ்ட் போன பிறகு என் வாசலில் இறகு இல்லை. இப்போது எல்லையில் கோழி வண்டியைப் பார்ப்பது கால்நடைத் துறைக்காரர்கள்தான், நோய் இருக்கிறதா என்று.

வீட்டில் கேக் செய்து விற்கிறேன். டிசம்பரில் முட்டை விலை ஏறிக் கையைக் கடிக்கிறது. ஐயப்ப சாமிகள் மாலை போடும் மாதத்தில் முட்டை விலை இறங்கத்தானே வேண்டும்? எந்த மாதம் எது மலிவு என்று சொன்னால் உபயோகமாக இருக்கும்.
*வாசகி, சித்தூர்*

நானும் முதல் வருஷம் அப்படித்தான் நினைத்தேன் கண்ணு. கார்த்திகை பிறந்ததும் நம் தெருவில் பாதி வீட்டில் மாலை. முட்டை விலை விழும் என்று கைவசம் சரக்கே வைக்காமல் இருந்தேன். விலை ஏறியது. காரணம் நம் தெருவில் இல்லை. வட மாநிலங்களில் குளிர் வந்தால் அங்கே முட்டை தின்பது கூடும், நாடு முழுக்க மண்டலத்துக்கு மண்டலம் விலை ஒன்றையொன்று பார்த்து ஏறும். அதன்மேல் கேரளத்தில் கிறிஸ்துமஸ் கேக். பேக்கரிக்காரர்கள் நவம்பர் கடைசியிலேயே பெட்டி பெட்டியாகச் சொல்லிவைத்துவிடுவார்கள். சாமிமார்கள் விட்டுவைத்த முட்டையைக் கேக் தின்றுவிடுகிறது.

கறிக்கோழி அப்படி இல்லை, கார்த்திகையில் இறங்கும். புரட்டாசியிலும் இறங்கும், அது தமிழ்நாட்டுச் சனிக்கிழமை விரதத்தால். கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், இங்கே ராமாயண மாதம் என்று பல மலையாளி வீடுகளில் கறி எடுப்பதில்லை. ஆனால் அதே சமயத்தில் கடலில் டிராலிங் தடை. ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு போகாது. மீன் இல்லாத மலையாளி கோழிக்கடைக்குத்தான் வருவார். அதனால் ஜூனில் ஏறும், ஜூலை பாதிக்கு மேல் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நிற்கும்.

முட்டைக்கு மே மாதம் ஒரு தனிக் கணக்கு. தமிழ்நாட்டில் பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை. பள்ளி மூடினால் அந்த முட்டை அவ்வளவும் சந்தைக்கு வரும். ஆனால் வெயிலில் கோழி தீனி எடுக்காது, தண்ணீர்தான் குடிக்கும். முட்டை சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும், சாவும் அதிகம். எந்தப் பக்கம் கனம் என்பதைப் பொறுத்து விலை.

இதற்கெல்லாம் அடியில் தீனி விலை இருக்கிறது. கோழி வளர்க்கும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீனிதான், மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். 2021-இல் சோயா ஏறிய ஏற்றத்தில் அரசாங்கமே ஆகஸ்டில் 12 லட்சம் டன் புண்ணாக்கு இறக்குமதிக்கு அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. இப்போது மக்காச்சோளத்துக்கு எத்தனால் ஆலைகளும் போட்டி.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அக்டோபரில் வாங்கி டிசம்பருக்கு வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், வெள்ளைக்கரு நீர்த்துக் கேக் எழும்பாது. கேக் விலையை நவம்பர் முதல் தேதியே ஏற்றி எழுதி ஒட்டிவிடுங்கள். டிசம்பர் 20-ஆம் தேதி ஏற்றினால்தான் சண்டை வரும்.

ஆலப்புழையில் வாத்துக்குக் காய்ச்சல் என்றால் நாமக்கல் முட்டை விலை ஏன் விழ வேண்டும்? முன்னூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோழிக்கு என்ன சம்பந்தம்?
*வாசகர், வண்ணாமடை*

கோழிக்குச் சம்பந்தம் இல்லை தம்பி, வாங்குகிறவர் மனசுக்குத்தான் சம்பந்தம். நாமக்கல் முட்டைக்குக் கேரளம் பெரிய சந்தை. ஆலப்புழைப் பக்கம் குட்டநாட்டில் வாத்து செத்தால் கோழிக்கோட்டில் ஆம்லெட் நின்றுவிடும்.

2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வந்தது. என் கடையில் அன்று நாற்பது பெட்டி இருந்தது, 8,400 முட்டை. டிவியில் வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வாத்தைச் சாக்கில் அடைப்பதை மாலை ஏழு மணிக்குக் காட்டினார்கள். எட்டு மணிக்கு ஒரு ஹோட்டல்காரர் போன் செய்து நாளையிலிருந்து வேண்டாம் என்றார். அவர் எனக்கு முந்தின மாதப் பாக்கியே தரவில்லை, நோய் வந்த சாக்கில் அதையும் தரவில்லை. பேர் சொல்ல மாட்டேன். அந்தச் சரக்கை விற்று முடிக்கப் பத்து நாள் ஆனது. கடைசிப் பதினைந்து பெட்டி லாரி வாடகைக்குக்கூடக் கட்டவில்லை.

விலை ஏன் அவ்வளவு வேகமாக விழுகிறது என்றால், கோழி டிவி பார்ப்பதில்லை. நாமக்கல்லில் தினமும் கோடிக்கணக்கில் முட்டை. இன்று யாரும் வாங்கவில்லை என்று நாளை இடாமல் இருக்காது. துணிக்கடை என்றால் தறியை நிறுத்தலாம். இதை நிறுத்த முடியாது, வைக்கவும் இடமில்லை. கறிக்கோழியும் அப்படித்தான், நாற்பது நாற்பத்தைந்து நாளில் எடைக்கு வந்த பிறகு அது தின்கிற ஒவ்வொரு நாள் தீனியும் நஷ்டம். 2020 மார்ச்சில் கோழியால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி. நோயே இல்லாமல் கோழியைச் சும்மா கொடுக்கிற நிலைக்குப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள்.

முட்டையை நன்றாக வேகவைத்தால் அந்தக் கிருமி செத்துவிடும், 70 டிகிரி சூடு போதும். அரைவேக்காட்டு ஆஃபாயில் பிரியர்கள் மட்டும் அந்த நாட்களில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கோழி முட்டை என்று பழுப்பு முட்டையைப் பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்கிறார்கள். நிஜமா?
*வாசகி, பொள்ளாச்சி*

பழுப்பு ஓடு என்பது கோழி இனத்தைப் பொறுத்தது. பண்ணையில் கூண்டில் வளர்க்கும் பழுப்பு முட்டைக் கோழியும் உண்டு. வெள்ளை முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து விற்றவரையும் பார்த்திருக்கிறேன். ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள், சாயம் என்றால் துணியில் வந்துவிடும். நிஜ நாட்டுக்கோழி முட்டை சின்னதாக, ஒன்று போல் ஒன்று இல்லாமல் இருக்கும். முப்பதும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் வாங்காதீர்கள்.

தாரா முட்டை, அதாவது வாத்து முட்டை விலை மட்டும் ஏன் பேப்பரில் வருவதில்லை?
*கள்ளுக்கடை நடத்தும் வாசகர், சித்தூர் தாலுகா*

உங்களுக்குத் தெரியாததா அண்ணா? அதை வாங்கி விலையை வைக்கிறதே நீங்கள்தான். வாத்துக்குக் குழு இல்லை. நெல் அறுத்த வயலில் மேய்க்கிறவர் இன்றைக்கு நல்லேப்பிள்ளியில் இருப்பார், அடுத்த வாரம் ஆலத்தூரில். அறுப்பு முடிந்த கையோடு முட்டை பெருகும், வயல் காய்ந்தால் குறையும். அவருக்கும் உங்களுக்கும் நடுவே வயல் வரப்பில் பேசி முடிவதுதான் விலை. நான் போன வாரம் கேட்டதற்கு 'கள்ளுக்கடைக்காரர் என்ன தருவாரோ அதையே நீயும் தா' என்றார்.

ஒரு கம்பெனிக்குக் கோழி வளர்த்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஐயாயிரம் கோழிக்கு ஷெட் போட வேண்டும். பல்லடம் விலை ஏறினால் எனக்கும் லாபம் வரும்தானே?
*இளைஞர், எருத்தேம்பதி*

வராது தம்பி. அங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். குஞ்சு, தீனி, மருந்து கம்பெனியுடையது. ஷெட், கரண்டு, தண்ணீர், கீழே போடும் தேங்காய் நார்த்தூள், உன் உழைப்பு, இதெல்லாம் உன்னுடையது. பிடிக்கும்போது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருவார்கள். சந்தையில் விலை விழுந்தால் அடி அவர்களுக்கு. ஏறினால் பலனும் பெரும்பாலும் அவர்களுக்கே. உன் கூலி, எத்தனை கோழி செத்தது, எத்தனை கிலோ தீனிக்கு எத்தனை கிலோ எடை வந்தது என்பதைப் பொறுத்தது. தினமும் பல்லடம் விலை பார்த்துப் படபடக்க வேண்டாம் என்பது நிம்மதிதான். ஆனால் ஒரு தொகுதிக் கோழியைப் பிடித்துப் போன பிறகு அடுத்த குஞ்சு எத்தனை நாளில் இறக்குவார்கள் என்று எழுதி வாங்கு. ஷெட் காலியாகக் கிடந்தாலும் பாங்க் தவணை காலியாகக் கிடக்காது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஷெட் கட்டி, வருஷத்தில் ஆறு தொகுதி என்று கணக்குப் போட்டார். வந்தது நான்கு.

போன இதழில் ஒரு கிலோ உயிர்க்கோழிக்கு 600 கிராம் கறி என்று எழுதியிருந்தீர்கள். தப்பு. பதினெட்டு வருஷமாக வெட்டுகிறேன், தோல் நீக்கினாலும் 670, 680 வரும்.
*கோழிக்கடைக்காரர், கொழிஞ்சாம்பாறை*

உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு கோழி வாங்கி வந்து என் முட்டைத் தராசில் நிறுத்தேன். உயிரோடு 2 கிலோ 100. தோல் நீக்கி, கழுத்து, ஈரல், அதன் பக்கத்துக் கல்குடல் எல்லாம் சேர்த்து 1 கிலோ 410. அதாவது கிலோவுக்கு 671. நீங்கள் சொன்னது சரி. கழுத்து, ஈரல், கல்குடலை எடுத்துவிட்டு நிறுத்தால் 1 கிலோ 260, அதாவது கிலோவுக்குச் சரியாக 600. நான் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறேன், அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. தோலையும் தனியாக நிறுத்தேன், 170 கிராம். இறகும் குடலும் எவ்வளவு என்று பார்ப்பதற்குள் பூனை வந்துவிட்டது.